இரு மொழியும் தன் மொழியாக

1889-ஆம் ஆண்டு மே மாதத்தில், எத்தியோப்பிய மன்னர் மெனலிக்குக்கும் இத்தாலிய அரசாங்கத்துக்கும் இடையே வுச்சாலே என்னும் ஊரில் கைச்சாத்தான உடன்படிக்கை, அம்ஹாரிக், இத்தாலியம் என்ற இரண்டு பாஷைகளில் எழுதப்பட்டது. அதன் பதினேழாவது ஷரத்து, பிற வல்லரசுகளோடு நடத்தும் விவகாரங்களில் மன்னர் விரும்பினால் இத்தாலியின் உதவியைப் பெறலாம் என்று அம்ஹாரிக் பிரதியில் கூற, இத்தாலியப் பிரதியோ அவ்விவகாரங்களை இத்தாலியின் மூலமாகவே நடத்த அவர் இசைவதாகக் கூறிற்று. 'பெறலாம்' என்பதற்கும் 'பெற வேண்டும்' என்பதற்கும் இடையே உள்ள அந்தச் சிறு வித்தியாசத்தைப் பற்றிக்கொண்டு, எத்தியோப்பியா தன் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடு என்று இத்தாலி உலகுக்கு அறிவித்தது. மெனலிக் உடன்படிக்கையை நிராகரித்தார். 1896 மார்ச் முதல் தேதி அத்வா போர்க்களத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டு, இத்தாலியப் படை தோற்ற பின்னரே எத்தியோப்பியாவின் சுதந்திரம் அங்கீகரிக்கப்பட்டது.

அது மொழிபெயர்ப்பின் பிழையா, ராஜதந்திரத்தின் சூழ்ச்சியா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். எதுவாயினும், இரண்டு பாஷைகளையும் ஆழ்ந்து அறிந்து, இரு தரப்பாரின் நம்பிக்கைக்கும் பாத்திரமான ஒருவர் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் அந்த வரலாற்றைப் படிப்பவர் மனத்தில் எழாமற் போகாது. அத்தகைய ஒருவரை உருவாக்குவதே, பிற நாட்டு மொழிகளையும் கலாசாரங்களையும் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதன் நோக்கம். பிளஸ் டூ முடித்த பிள்ளை உள்ள வீட்டில் நடக்கும் ஆலோசனையில் இந்தப் படிப்பின் பெயர் பெரும்பாலும் அடிபடுவதில்லை. ஆகவே அது எப்படிப்பட்டது, எவ்வளவு உழைப்பை வேண்டுவது, எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பிரயோஜனமாகும்.

துபாஷியிலிருந்து கல்லூரிக்கு

மொழிபெயர்ப்பாளர் தொழில் நமக்குப் புதியதன்று. இரண்டு பாஷை அறிந்தவர் என்ற பொருளில் 'துபாஷி' என்று அழைக்கப்பட்டவர்கள், சென்னையிலும் புதுச்சேரியிலும் ஐரோப்பிய வர்த்தகர்களுக்கும் நம்மவருக்கும் நடுவே நின்று, வியாபாரத்தையும் பின்னர் அரசியலையும் நடத்திவைத்தனர். அவர்களுள் தலைசிறந்தவர், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை. ஆனால் துபாஷியின் கல்வி கடைத்தெருவிலும் கிடங்கிலும் அனுபவத்தால் வந்த கல்வியே. அதை ஒரு முறையான படிப்பாக்கும் முயற்சியைப் பிரெஞ்சுக்காரர்கள் முன்னதாகவே தொடங்கியிருந்தனர். துருக்கியோடு நடந்த வர்த்தகத்தில் அயலாரான மொழிபெயர்ப்பாளர்களையே நம்பியிருக்க விரும்பாத மந்திரி கோல்பேர், 1669-இல் பிரெஞ்சுச் சிறுவர்களை அந்நாட்டுக்கு அனுப்பி மொழி கற்பிக்க ஏற்பாடு செய்தார். அவ்வழியிலேயே, புரட்சிக்குப் பின் 1795-இல், பாரசீகம், அரபு, துருக்கி முதலிய மொழிகளைக் கற்பிக்கும் கீழைமொழிக் கல்லூரி பாரிஸில் நிறுவப்பட்டது.

அரசியலுக்கும் வர்த்தகத்துக்கும் உபயோகப்படும் மொழிகள் என்பதே அக்கல்லூரியின் ஆரம்ப இலட்சியம்; எனினும் வித்தை தன் எல்லையைத் தானே விரித்துக்கொண்டது. அங்கே கீழை மொழிகளைப் பயின்ற சாம்போல்யோன் என்ற இளைஞரே, 1822-இல் பண்டைய எகிப்தியரின் சித்திர எழுத்தைப் படிக்கும் மர்மத்தைக் கண்டறிந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரெஞ்சிந்தியாவில் வளர்ந்த ஜூலியன் வின்சன் அதே கல்லூரியில் தமிழைக் கற்பித்தார். இன்று 'இனால்கோ' என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அந்நிறுவனம், ஏறத்தாழ நூறு மொழிகளைப் போதிக்கிறது. லண்டனில் 1916-இல் சாசனம் பெற்ற கீழைநாட்டு ஆய்வுப் பள்ளியும், சாம்ராஜ்யத்தின் தேவைக்காகப் பிறந்து, பின்னர் ஆசிய ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றிய சிறந்த கல்விநிலையமாக வளர்ந்ததேயாகும்.

என்ன கற்பிக்கிறார்கள்?

இலக்கணமும் சொற்பட்டியும் மட்டும் கற்பிப்பதற்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை. மாலை வகுப்பு போதும். பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒரு மொழியோடு அம்மொழி வழங்கும் நாட்டின் சரித்திரம், பூகோளம், சமயம், சமுதாய அமைப்பு, இலக்கியம் ஆகியவற்றையும் சேர்த்தே பயில்கிறார். ஏனெனில் ஜப்பானியர் ஒருவர் தம் மேலதிகாரியிடம் எந்த வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறார் என்பதை, அந்தச் சமுதாயத்தின் மேல் கீழ் வரிசையை அறியாதவர் விளங்கிக்கொள்ள முடியாது. அரபு மொழி படிக்கச் செல்பவர், செய்தித்தாளில் படிக்கும் மொழி வேறாகவும், கெய்ரோவின் தெருவில் கேட்கும் மொழி வேறாகவும் இருப்பதைக் கண்டு திகைப்பது வழக்கம். எழுதுவது ஒரு தமிழாகவும் பேசுவது ஒரு தமிழாகவும் வளர்ந்த நம் மாணவருக்கோ அந்தத் திகைப்பு சற்றுக் குறைவாகவே இருக்கும்.

இதனோடு சேர வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, அம்மொழி பேசும் நாட்டிலேயே சில மாதங்களேனும் ஓர் ஆண்டேனும் தங்கிப் படிப்பது. ஐரோப்பிய மாணவர்கள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் சென்று பயில 1987-இல் தொடங்கிய 'எராஸ்மஸ்' திட்டம் இதற்காகவே ஏற்பட்டது. மற்றொன்று, மொழியோடு இணைந்த இரண்டாவது வித்தை. பாரிஸ் நிறுவனத்தில் மொழி மாணவர்கள் சர்வதேச உறவு, வர்த்தகம், கணினி வழி மொழியாய்வு போன்ற துறைகளையும் சேர்த்துப் படிக்க வழி செய்யப்பட்டிருப்பது, நீண்ட அனுபவத்தின் விளைவு.

எவ்வளவு காலம்?

அமெரிக்க ராஜதந்திரிகளுக்குப் பயிற்சி தரும் அரசாங்க நிறுவனம், தொழிலுக்குப் போதுமான தேர்ச்சி பெற, ஆங்கிலம் பேசுபவருக்கு அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 88 வாரங்களில் ஏறத்தாழ 2,200 மணி நேர வகுப்பு வேண்டுமென்று கணக்கிட்டிருக்கிறது. நம் தமிழுக்கு அவர்கள் வகுத்தது சுமார் 44 வாரம். இந்தக் கணக்கு தமிழ் மாணவருக்கு அப்படியே பொருந்தாது. வினை வாக்கியத்தின் இறுதியில் வருவதும், வேற்றுமையைக் காட்டும் உருபு பெயருக்குப் பின்னே நிற்பதும் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் பொதுவானவை. ஆயினும் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு வகுத்துள்ள 2,136 சித்திர எழுத்துகளை உழைப்பின்றி மனத்தில் ஏற்ற எந்த வழியும் இல்லை. தேர்ச்சியை அளப்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளும், ஜப்பானியத்தில் என்5 முதல் என்1 வரை ஐந்து படிகளும் உண்டு. முதற்படியில் கிடைத்த சான்றிதழை உத்தியோகத்துக்கான தகுதியென்று எண்ணி எவரும் ஏமாறலாகாது.

எங்கே படிக்கலாம்? எந்த உத்தியோகம்?

நம் நாட்டிலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. 1969-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பல அயல்மொழிகளில் பட்டப்படிப்பு உண்டு. ஹைதராபாத்தில் ஆங்கிலத்துக்கும் அயல்மொழிகளுக்குமென்றே ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் நடைபெறுகிறது. தாகூரின் சாந்திநிகேதனத்தில் 1937-இல் திறக்கப்பட்ட சீன பவனம் இன்றும் இயங்குகிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுத் துறை உண்டு.

உத்தியோகங்களுள் முதலில் நினைவுக்கு வருவது இந்திய வெளியுறவுப் பணி. அதிற் சேரும் ஒவ்வொருவரும் ஓர் அயல்மொழியைக் கட்டாயமாகக் கற்றுத் தேர்ச்சி பெற வேண்டும். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சோ, கீழை மொழிகளில் வல்லவர்களுக்கென்றே தனியாக ஒரு போட்டித் தேர்வை நடத்துகிறது. ஐக்கிய நாடுகள் சபை ஆறு மொழிகளிலும், ஐரோப்பிய ஒன்றியம் இருபத்து நான்கு மொழிகளிலும் தம் அலுவல்களை நடத்துகின்றன. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில், நீதிமன்றங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்படுகின்றனர். அயல்நாட்டாரோடு தொழில் செய்யும் கம்பெனிகள், நூல் வெளியீடு, ஆராய்ச்சி, ஆசிரியப் பணி ஆகியவையும் உள்ளன. ஆனால் மொழி மட்டும் அறிந்தவருக்குத் திறக்கும் கதவுகள் சில. மொழியோடு சட்டமோ, பொருளாதாரமோ, எஞ்சினியரிங்கோ அறிந்தவருக்குத் திறப்பவை பல.

இயந்திரமே மொழிபெயர்க்கும் காலத்தில் இப்படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு வுச்சாலே உடன்படிக்கையே விடை. சொல்லை மாற்றித் தருவது ஒரு காரியம். அச்சொல்லை ஏற்பதால் ஒரு நாட்டுக்கு என்ன நேரும் என்பதை அறிந்து, அதற்குப் பொறுப்பேற்று, 'இங்கே கையொப்பமிடாதீர்கள்' என்று எச்சரிப்பது வேறொரு காரியம்.

இறுதியாக, பெற்றோருக்கும் மாணவருக்கும் மனமார ஒன்று சொல்ல வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் மொழிபெயர்ப்பாளர்களிற் பெரும்பாலோர், தாம் கற்ற அயல்மொழிகளிலிருந்து தம் சொந்த மொழிக்குப் பெயர்ப்பவர்களே. சொந்த மொழி தளர்ந்தவருக்கு அந்த ஆசனம் இல்லை. துபாஷி என்ற சொல் இரண்டு பாஷைகளைக் கேட்கிறது. ஒன்றை இழந்து மற்றொன்றைப் பெற்றவர் அப்பெயருக்கு உரியவராகார். பிரெஞ்சுக்காரரிடையே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரியில் தாம் கண்டதையும் கேட்டதையும் 1736 முதல் எழுதிவைத்தது தமிழிலேதான். அந்தத் தினப்படி சேதிக் குறிப்பைப் பின்னர் பன்னிரண்டு பாகங்களாக ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட அயலார், பிரெஞ்சியரின் அரசியலையே தமிழர் ஒருவரின் தமிழிலிருந்து அறிய வேண்டியதாயிற்று.