நயினார் என்ற பட்டமும் ஒரு பழைய பத்திரமும்: வேர் தேடும் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்

வெளிமாநிலத்தில் இரண்டு தலைமுறை தாண்டிய தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பெரியவர்களிடம் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். "நாம் எந்த ஊர்? எந்த வழி?" பெற்றோருக்கு மாவட்டத்தின் பெயர் தெரியும். கிராமத்தின் பெயர் அரைகுறையாகத் தெரியும். பாட்டனாரின் தகப்பனார் பெயர் தெரியாது. நம் வடநாட்டு நண்பர்கள் ஹரித்துவாரம் போனால், அங்குள்ள பண்டாக்கள் ஏட்டைப் புரட்டி ஏழெட்டுத் தலைமுறைப் பெயர்களை வாசித்துக் காட்டுகிறார்கள். அப்படியோர் ஏடு நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. ஆனால் வேறு சாட்சிகள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் படிக்கும் விதத்தை, எனக்குத் தெரிந்த ஓர் இளைஞரின் தேடலை வைத்து இங்கே விளக்குகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். ஆரணிப் பக்கத்து அரிசியை வரவழைத்து மும்பையில் விற்கும் வியாபாரி. பிறப்பால் தமிழ்ச் சமணன். பழைய பத்திரங்களைப் படிக்க நானாகவே கற்றுக்கொண்டேன். மண்டிக் கணக்கெழுதிய பழக்கம் அதற்குக் கை கொடுத்தது.

இளைஞரின் கேள்வி

அந்த இளைஞருக்கு அப்போது வயது 26. அவருடைய தாத்தா 1958இல் ரயில்வே பட்டறை வேலைக்கு மும்பை வந்தவர். பள்ளியில் குடும்பப் பெயர் கேட்டபோது, தாத்தாவின் பெயரோடு ஒட்டியிருந்த 'நயினார்' என்பதையே பேரனுக்கும் கடைசிப் பெயராக எழுதிவிட்டார்கள். அலுவலகத்தில் குஜராத்தி ஜைன நண்பர் ஒருவர், "நயினார் என்றால் தமிழ்நாட்டு ஜைனராமே?" என்று கேட்டிருக்கிறார். வீட்டிலோ அப்பா நல்ல நாளில் திருநீறு பூசுகிறார். ஆனால் ஆயா, விளக்கு வைத்த பிறகு ஒரு வாய் சோறு தொட்டதில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது பெண் வீட்டாரும் இதையே கிளறினார்கள். "ஐயா, நாங்க யாரு? சைவமா, ஜைனமா? எனக்கு ஒரே பதில் வேணும்" என்று என்னிடம் வந்தார்.

அதற்கு முன்பே பணம் கட்டி மரபணுப் பரிசோதனையும் செய்திருந்தார். தென்னிந்தியர் என்று வந்தது. அது தெரிந்ததுதானே! அந்தச் சோதனை நம் மரபணுவை அவர்கள் கையிலுள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சதவீதம் சொல்லும். கிராமத்தையோ, குலத்தையோ, கும்பிட்ட சாமியையோ சொல்லாது.

பட்டம் ஒன்றே போதாது

நயினார் என்ற சொல்லுக்குத் தலைவர், இறைவர் என்று பொருள். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணர்களுக்கு இப்பட்டம் உண்டு என்பது உண்மைதான். நாங்கள் வடக்கிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் அல்லர். மதுரை அருகே மாங்குளம் குகையில் சமண முனிவருக்குக் கல்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தி, கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் பொறிக்கப்பட்டிருக்கிறது. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன், கும்பகோணத்துத் தமிழ்ச் சமணர்களிடம் போய்த்தான் சந்தேகம் தெளிந்துகொண்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டுச் சமணர் சுமார் 89,000 பேர். அதில் வடநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். எங்களுக்கென்று தனிக் கணக்கு இல்லை.

ஆனால் நயினார் எல்லாரும் சமணர் அல்லர். உடையார் சமூகத்தில் ஒரு பிரிவினருக்கும் இப்பட்டம் உண்டு. நெல்லைப் பக்கம் இதை இயற்பெயராகவே வைக்கிறார்கள். முஸ்லிம்களில் நயினார் முகமது என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். இராமநாதபுரம் மாவட்டத்து நயினார்கோவில் சிவத்தலம். மறுபக்கம், சமணர்களிலேயே முதலியார், செட்டியார், உடையார் என்ற பட்டங்களும் உண்டு. ஆகவே பட்டத்தைப் பிடித்துக்கொண்டு முடிவு சொல்லக் கூடாது. இது எல்லாச் சமூகத்துக்கும் பொருந்தும்.

முதலில் பெரியவர்களைக் கேளுங்கள்

"தம்பி, காகிதம் எங்கேயும் ஓடிப் போகாது. முதல்ல ஆயாகிட்ட உட்காரு" என்றேன். ஆயாவுக்கு வயது 88. சும்மா "நம்ம பூர்வீகம் என்ன?" என்று கேட்டால், "எல்லாம் அந்தப் பக்கந்தான்" என்று முடித்துவிடுவார்கள். கேள்வி சின்னதாக, பிடிமானமாக இருக்க வேண்டும். இருட்டின பிறகு சாப்பிடாத பழக்கம் பிறந்த வீட்டில் கற்றதா, புகுந்த வீட்டில் கற்றதா? முதல் மொட்டை எந்தக் கோயிலில்? சாவுக்கு எந்த ஊரிலிருந்து பங்காளிகள் வந்தார்கள்? பெண் கொடுத்து எடுத்த ஊர்கள் எவை?

ஆயா சொன்னது இது: "எங்கம்மா வீட்டுல ராத்திரி சாப்பிடுவோம். இங்க வாக்கப்பட்டு வந்த அப்புறம்தான் மாமியார், பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடணும்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க. வீட்டுல விபூதி மடல் தொங்கும். மேல்சித்தாமூர் தேருக்கு மாமனார் நெல்லும் அனுப்புவாரு." மேல்சித்தாமூர் என்பது திண்டிவனம் - செஞ்சி பகுதியில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். திருநீறும் இருக்கிறது, சமணத் தேருக்கு நெல்லும் போகிறது. பழக்கம் ஆயாவின் தாய்வீட்டுச் சொத்து அல்ல, பேரனின் தந்தைவழி வந்தது என்பதும் இதில் தெளிவாயிற்று.

இந்தப் பேச்சை அவர் கைபேசியில் பதிவு செய்துகொண்டார். நாலு மாதத்தில் ஆயா காலமானார்கள். அந்த ஒரு மணி நேரப் பதிவு இல்லையென்றால் மேற்கொண்டு ஒரு அடி நகர்ந்திருக்க முடியாது.

முன்னெழுத்தும் பத்திரமும்

பழைய பெயர்களில் இரண்டு முன்னெழுத்து இருந்தால், பெரும்பாலும் முதலாவது ஊர், இரண்டாவது தகப்பனார். தாத்தாவின் வேலைப் பதிவேட்டில் இருந்த முன்னெழுத்தையும், ஆயா சொன்ன ஊர்களையும் பொருத்திப் பார்த்ததில், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலுள்ள ஒரு கிராமம் அகப்பட்டது. முன்காலமாக இருந்தால் ஊர்க் கர்ணமே நாலு தலைமுறை சொல்லியிருப்பார். பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டது. இப்போது கிராம நிர்வாக அலுவலர் மாறிக்கொண்டே இருப்பவர். அவரிடம் நிலக் கணக்கு கிடைக்கும், குடும்பக் கதை கிடைக்காது.

ஊரில் ஒரு பங்காளி வீட்டு டிரங்குப் பெட்டியில் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருந்தது. பழைய பத்திரங்களில் பெயர், தகப்பனார் பெயர், ஊர் இவற்றோடு மதமும் ஜீவனமும் எழுதுவது வழக்கம். நான்கெல்லை சொல்லும்போது பக்கத்து நிலக்காரர் பெயர் வரும். அவர்களில் பாதிப் பேர் பங்காளிகளாக இருப்பார்கள். சாட்சிக் கையெழுத்தையும் விடக்கூடாது. உறவும் நட்பும் அங்கேதான் தெரியும்.

தேதி படிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இந்தப் பத்திரத்தில் 'ஆனந்த வருஷம், பசலி 1324' என்று இருந்தது. ஆனந்த வருஷம் 60 ஆண்டுக்கு ஒரு முறை வருவது: 1854, 1914, 1974. எது என்று பசலி சொல்லிவிடும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி ஜூலையில் தொடங்கும். ஆக 1324 + 590 = 1914. பத்திரம் 1914 ஜூலைக்கும் 1915 ஏப்ரலுக்கும் இடைப்பட்டது.

அதில் பாட்டனாரின் தகப்பனார், அவருக்கும் தகப்பனார் இருவர் பெயரும் 'நயினார்' என்றே முடிகின்றன. மதம் என்ற இடத்தில் 'சிவமதம்', ஜீவனம் 'பயிர்'. சாட்சி போட்டவர்களில் இருவர் பக்கத்துச் சமண ஊர்க்காரர்கள். பெயரைப் பார்த்தாலே சமணர் என்று தெரியும்.

நீறு பூசிய நயினார்கள்

இதற்கு விளக்கம் அந்த வட்டாரத்து வரலாற்றில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் செஞ்சியை ஆண்ட ஒருவன், சமணர்களிடம் பெண் கேட்டு அவமானப்பட்டு, அவர்களைக் கொல்ல ஆணையிட்டான் என்பது கர்ண பரம்பரைச் செய்தி. பலர் ஊரை விட்டு ஓடினார்கள். பலர் திருநீறு பூசிச் சைவரானார்கள். பின்னர் தாயனூர் காங்கேய உடையார் என்பவர் உடையார்பாளையத்திலிருந்து திரும்பி வந்து, வீரசேனாச்சாரியாரைக் கொண்டு மறுபடி சமணத்தை நிலைநிறுத்தினார் என்றும் சொல்வார்கள். அப்போது திரும்பாமல் சைவராகவே தங்கிவிட்டவர்கள்தான் 'நீறுபூசி நயினார்', 'நீறுபூசி வேளாளர்' எனப்பட்டவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலிலும் இப்பெயர் பதிவாகியிருக்கிறது. கதையில் எவ்வளவு உண்மை என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீறுபூசி என்ற பிரிவு இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

பட்டம், நெல், இரவு உண்ணாமை, திருநீறு, 1914ஆம் ஆண்டுப் பத்திரம் எல்லாம் சேர்ந்து இந்த இடத்தைத்தான் காட்டுகின்றன. இது பொருத்தமான விளக்கம் என்றுதான் சொல்லலாம். சத்தியம் செய்ய முடியாது. என் ஆட்கள் தொகை குறைவு. "நீ எங்களவன்" என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் பத்திரம் சிவமதம் என்கிறது. அதை மீறிச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அவருடைய மூதாதையர் ஒரு காலத்தில் சமணராக இருந்திருக்கலாம். நூறு வருஷத்துக்கு மேலாகச் சைவர்கள். பெண்கள் மட்டும் பழைய விரதம் ஒன்றை அடுப்படியில் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

இளைஞருக்கு முதலில் ஏமாற்றம். ஒரே பதில் கேட்டு வந்தவருக்கு இரண்டு பதில் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து வந்து, "ரெண்டுமே எங்களுதுதானே ஐயா" என்றார். பெண் வீட்டாரிடம் பத்திர நகலைக் காட்டி உள்ளபடியே சொன்னார். அவர்கள் ஒரு மாதம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டில் 75 வயதுக்கு மேற்பட்டவர் இருந்தால் இந்த விடுமுறையிலேயே உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்யுங்கள். அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி பிறந்த ஊர்களையும் எழுதுங்கள். ஆண்வழி மட்டும் எழுதினால் பாதிக் குடும்பம் விட்டுப்போகும். பழைய பத்திரம், வேலைப் பதிவேடு, கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு எதையும் எடைக்குப் போடாதீர்கள். பத்திரம் தொலைந்திருந்தால், ஊர் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு உட்பட்டது என்று விசாரித்து நகலுக்கு மனுச் செய்யலாம். வில்லங்கச் சான்றை இப்போது இணையத்திலும் பார்க்கலாம். பழைய ஆண்டுகளுக்கு நேரில் போக வேண்டியிருக்கும். அதற்கும் முந்திய நில ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

பழைய எழுத்தோ பசலிக் கணக்கோ புரியவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நகலோடு சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.