அவையிற் பாவோதல்

தமிழ்த்தினப் போட்டிகள் நிகழுங் காலத்திற் பாவோதலுக்கு நடுவராக அமரும்படி பாடசாலைகளிலிருந்து எனக்கு அழைப்பு வருவதுண்டு. இருபதாண்டுகளுக்கு மேலாக அவ்விருக்கையில் அமர்ந்து கேட்டு வருகின்றேன். சிறார் பலர் நன்றாகவே ஓதுகின்றனர். ஆயினும் அவர்களைப் பயிற்றும் முறையிலே ஒரு குறை வளர்ந்து வருகின்றது. செய்யுளை நெஞ்சில் நிறுத்துதற்குச் செய்யுள் தானே தருகின்ற துணையை நாம் அவர்களுக்குக் காட்டுவதில்லை, கையசைவுகளைக் காட்டுகின்றோம். நிலா என்றதும் ஒரு கை வானை நோக்கி எழுகின்றது. நெஞ்சம் என்றதும் மார்பில் வந்து விழுகின்றது. அவையோர்க்கு இஃது இன்பமாயிருக்கலாம், கம்பனுக்கு எப்படியிருக்குமோ!

ஏட்டுச் சுவடியிலே புள்ளியில்லை, சீர்ப்பிரிப்பில்லை, அடியின் எல்லையும் பெரும்பாலும் தனித்துத் தோன்றாது. முன்னரே செவியில் ஏறிய பாட்டைத்தான் கண் அங்கே அடையாளங் கண்டது. ஆதலின், மனனத்துக்கு ஏற்றவாறே நூல்களும் அமைந்தன. திவாகரமும் பிங்கலமும் நூற்பாவால் ஆனவை. பின்வந்த மண்டலபுருடரோ சூடாமணி நிகண்டை விருத்தத்தாற் செய்தார். அதன் பதினோராந் தொகுதியில் ஒருசொற் பல்பொருட் பெயர்களை எதுகை முறையால் நிரல்படுத்தினார். இரண்டாம் எழுத்தைப் பற்றிக்கொண்டால் அடுத்த சொல் கைக்கு வரும். நாவலர் பெருமான் அந்நூலை 1849இல் உரையுடன் அச்சேற்றியது, அக்கால மாணாக்கர்க்கு அது எத்துணை வேண்டப்பட்டதென்பதைக் காட்டும்.

எதுகை இவ்வாறு துணை செய்யினும், அது கைவிடும் இடங்களும் உண்டு. விருத்தத்தில் நான்கடியும் ஓரெதுகை பெறுதலின், பிள்ளைகள் அடியை மறப்பது அரிது. ஆனால் இரண்டாம் அடியையும் மூன்றாம் அடியையும் இடம் மாற்றிவிடுவர். இருவிகற்ப நேரிசை வெண்பாவின் நிலை வேறு. முதலிரண்டடியும் தனிச்சொல்லும் ஓரெதுகை, பின்னிரண்டடியும் மற்றோரெதுகை. எனவே மூன்றாமடித் தொடக்கத்திலே பழைய இழை அறுந்துபோகின்றது. அவையில் நின்று வாயடைத்துப் போகும் பிள்ளைகளிற் பலர் அடைத்துப் போவது அவ்விடத்திலேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியிலே, மாணவி ஒருத்தி நளவெண்பாவின் கலிதொடர் காண்டத்தை எடுத்துக்கொண்டாள். நளன் உறங்கும் தமயந்தியைக் கானகத்து நள்ளிருளிலே விட்டுப் பிரியும் இடம். ஒரு வெண்பாவின் தனிச்சொல்லைச் சொல்லி நிறுத்தியவள் மேற்செல்லவில்லை. மண்டபம் அமைதியாயிற்று. முன்வரிசை முதியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யான் அவள் உதடுகளையே நோக்கியிருந்தேன். ஒலியின்றி ஈற்றடியின் முதற்சொல்லை அவை உருவாக்கின. மறுகணம் மூன்றாம் அடி கணீரென வந்தது.

நடுவர் மூவரிடையே வழக்கு எழுந்தது. "நளனுடைய தயக்கத்தையே காட்டிவிட்டாள், ஐயா, மெய்ப்பாட்டுக்கு முழுப்புள்ளி" என்றார் ஒருவர். "மறதி மறதிதான், புள்ளி குறைய வேண்டும்" என்றார் மற்றவர். மறதிதான் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் மேடையோரத்து ஆசிரியர் எடுத்துக் கொடாமல், செய்யுளின் கட்டுமானத்தைக் கொண்டே மீண்ட பிள்ளை அச்செய்யுளை உடைமையாக்கியவள் அல்லளோ? வழுவாமை ஒன்றே ஓதலாயின் ஒலிப்பதிவுக் கருவிக்கன்றோ முதற்பரிசு! இவ்வாறு வாதாடினேன், பயனில்லை. ஒரு சொல்லும் பிசகாது, கைகளை ஓயாது வீசி ஓதிய பையனுக்கே முதலிடம் போயிற்று. அம்முடிவு எனக்கு இன்றும் உடன்பாடன்று.

போட்டி முடிந்தபின் அவளை அழைத்து, "பிள்ளை, எப்படி மீண்டாய்?" என்றேன். "அம்மம்மா வெண்பாவில் ஈற்றடியைத்தான் முதலிற் பழக்குவா, ஐயா" என்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1950களிற் சென்னை மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து வெளியிட்ட பதிப்புகள் பெருந்தொண்டு புரிந்தன. அவை இல்லையேல் பலர் பழைய இலக்கியத்தை அணுகியிரார். ஆனால் பிரித்த சொற்களை அவ்வாறே ஓதப் பழக்கினால், கெட்ட குற்றியலுகரம் திரும்பி வந்து சீரை நீட்டிவிடும்; வெண்பாவிலே தளை சிதையும். கண்ணுக்குப் பிரித்த பாடம், நாவுக்குச் சேர்த்த பாடம் என இரண்டையும் ஆசிரியர் காட்டியாக வேண்டும்.

என் வகுப்பில் இப்பொழுது வெண்பாவின் ஈற்றடியே கரும்பலகையில் முதலில் ஏறுகின்றது. அதன்மேல் மூன்றாம் அடி. எதுகையெழுத்துகளின் கீழே மாணாக்கரே வெண்கட்டியாற் கோடிடுகின்றனர். முதலிரண்டடிகளும் தனிச்சொல்லும் மறுநாளைக்கு. கொண்டுகூட்டிப் பொருள் சொல்லி முடித்த பின்னரே எழுந்து நின்று ஓதுதல். கையை என்ன செய்வதென்று எவரும் கேட்பதில்லை. அது தன்பாட்டிற் கிடக்கின்றது.