பந்தயம் முடிந்த பிறகும் ஓடும் மருந்து

டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளின் வீட்டு ஃபிரிட்ஜில், பால் பாக்கெட்டுக்கும் மாவுப் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே, மருந்து நிரப்பியே வருகிற ஊசி. 4,000 யூனிட் என்று அச்சிட்டிருக்கும். எரித்ரோபொய்டின், சுருக்கமாக ஈபிஓ. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்காக வந்துபோகிற குடும்பங்களிடம் "ரத்தம் ஊறப் போடுற ஊசி" என்றால் உடனே புரியும். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஒரு தலைமுறைக் காலம் ஆட்டிப்படைத்ததும் இதே ஊசிதான்.

மருந்தின் மேல் குற்றமில்லை. சிறுநீரகம் கழிவைப் பிரிப்பதோடு நிற்பதில்லை; ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறதா என்றும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தால் ஈபிஓ என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே சிவப்பணு உற்பத்தி கூடுகிறது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு இந்தச் சுரப்பு குறைந்துபோய், ரத்தசோகை வந்துவிடும். 1980களின் கடைசியில் மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரித்த ஈபிஓ விற்பனைக்கு வந்தபோது, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டு நாளைக் கடத்தியவர்களுக்கு அது மறுவாழ்வாக இருந்தது.

சிவப்பணு கூடினால் தசைக்குப் போகும் ஆக்சிஜனும் கூடும். மூன்று வாரம் மலை ஏறி இறங்கும் பந்தயத்தில் அதன் மதிப்பு என்னவென்று ஓட்டுகிறவனுக்குத் தெரியும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கின்றன என்ற அளவுக்கு ஹிமடோகிரிட் என்று பெயர். ஆரோக்கியமான ஆணுக்கு அது பெரும்பாலும் 40-லிருந்து 50-க்குள் இருக்கும். 1996-ல் டூர் டி பிரான்ஸை வென்ற டென்மார்க்கின் பியார்னே ரீஸுக்குச் சக வீரர்கள் வைத்த பட்டப்பெயர் 'திருவாளர் 60 சதவீதம்'. தான் ஈபிஓ எடுத்துக்கொண்டதை அவரே 2007-ல் ஒப்புக்கொண்டார். 1997-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் 50 சதவீதத்தைத் தாண்டியவர்களை ஓட்டவிடுவதில்லை என்று விதி போட்டது. ஈபிஓவைச் சிறுநீரில் கண்டுபிடிக்கும் சோதனை அப்போது இல்லை, 2000-ல்தான் வந்தது. அதனால் நடந்தது என்னவென்றால், பலர் 50-க்குச் சற்றுக் கீழே வந்து நின்றார்கள்.

வெல்லப்பாகு பதம் ஏற ஏறக் கரண்டி திடீரென்று கனத்துப்போவதைப் பார்த்திருப்போம். ரத்தமும் அப்படித்தான். ஹிமடோகிரிட் 45-லிருந்து 55-க்குப் போனால் கெட்டித்தன்மை அதே விகிதத்தில் கூடுவதில்லை, அதைவிட வேகமாகக் கூடுகிறது. மலையேற்றத்தில் வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் இன்னும் கெட்டிப்படும். பயிற்சி பெற்ற வீரனின் இதயம் தூக்கத்தில் நிமிடத்துக்கு 40 முறைதான் துடிக்கும். கெட்டியான ரத்தம் மெதுவாக ஓடும்போது கட்டி உறையும் ஆபத்து கூடுகிறது.

ஈபிஓ வந்த புதிதில் நெதர்லாந்து, பெல்ஜியம் வீரர்கள் சிலர் தூக்கத்திலேயே இறந்ததை இந்த மருந்தின் கணக்கில் எழுதுவது வழக்கம். படிக்கப் பரபரப்பாக இருக்கும். ஆனால் அந்த மரணங்களுக்கு ஈபிஓதான் காரணம் என்று மருத்துவ ஆதாரத்தோடு நிறுவப்படவில்லை. இப்படிப்பட்ட கதையைச் சொல்லி விளையாட வரும் பையன்களைப் பயமுறுத்தினால், ஊசி போட்டும் உயிரோடு இருக்கிற ஒருவனைப் பார்த்த மறுநாளே அந்தப் பயம் போய்விடும். உறுதியாகத் தெரிந்ததைச் சொல்வதே நல்லது. அப்படித் தெரிந்தது நோயாளிகளிடமிருந்து வந்தது. சிறுநீரக நோயாளிகள் 1,432 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2006-ல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு ஹீமோகுளோபினை 11.3 வரை ஏற்றினார்கள், மறு பாதிக்கு 13.5. கூடுதலாக ஏற்றினால் தெம்பாக இருப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் மரணம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் நான்கையும் சேர்த்துப் பார்த்த கணக்கு 13.5 குழுவில்தான் அதிகமாக இருந்தது. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இதற்குப் பிறகுதான் 'ஓரளவுக்கு மேல் ஏற்றாதே' என்ற எச்சரிக்கை மருந்துப்பெட்டிக்குள் வந்தது. வீரனும் நோயாளியும் ஒன்றல்ல, உண்மை. ஆனால் ரத்தம் குறைந்தவருக்கே அளந்து கொடுக்க வேண்டிய மருந்தை, ரத்தம் நிறைந்தவன் அளவில்லாமல் போட்டுக்கொள்கிறான்.

அரிதான இன்னொரு விளைவும் உண்டு. வெளியிலிருந்து வந்த ஈபிஓவை எதிர்க்க உடம்பு உருவாக்கும் எதிர்பொருள், சிலரிடம் உடம்பின் சொந்த ஈபிஓவையும் சேர்த்து அழித்துவிடுகிறது. சிவப்பணு உற்பத்தி அடியோடு நின்றுபோகும். ரத்தம் கூட்டப் போட்ட ஊசியால் ரத்தமே ஊறாத நிலை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சிறுநீரக நோயாளிகளிடம் இது பல நாடுகளில் தெரியவந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒருவர் கேட்கலாம்: அப்படியானால் பழைய சைக்கிள் வீரர்கள் எல்லோரும் சீக்கிரம் இறந்திருக்க வேண்டுமே? நியாயமான கேள்வி. பதில் பலருக்குப் பிடிக்காது. 1947 முதல் 2012 வரை டூர் டி பிரான்ஸில் ஓட்டிய பிரெஞ்சு வீரர்கள் 786 பேரின் கணக்கை எடுத்து 2013-ல் வெளியிட்டார்கள். அதே வயதுடைய பொதுமக்களைவிட அவர்களிடம் மரண விகிதம் 41 சதவீதம் குறைவு. ஊக்கமருந்து தலைவிரித்தாடிய ஆண்டுகளும் இதில் அடக்கம்.

இதைக் காட்டி 'ஊசியால் ஒன்றும் ஆகாது' என்று சொல்வது தவறு. யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம், பிறவியிலேயே வலுவான இதயமும் நுரையீரலும் வாய்த்து, ஆண்டுக்கணக்கில் உடற்பயிற்சி செய்தவர்கள். மறுபக்கம், புகைப்பவரும் சர்க்கரை நோயாளியும் கலந்த பொதுமக்கள். ஊசி போட்ட வீரனை, போடாத அதே தரத்து வீரனோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். அந்த ஒப்பீடு கிடைப்பதில்லை, ஏனென்றால் யார் எதை எத்தனை ஆண்டு எடுத்தார்கள் என்பதற்கு நம்பத்தகுந்த பதிவேடு இல்லை. நல்ல இளைஞர்களுக்குப் பத்து ஆண்டு ஈபிஓ கொடுத்துப் பார்க்கலாம் என்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது.

அதோடு, அந்த வீரர்களில் பலர் பக்கத்தில் ஒரு மருத்துவரை வைத்துக்கொண்டே தப்பு செய்தார்கள். அணியின் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்ப்பார், அளவு கூடினால் உப்புநீர் ஏற்றுவார். மருத்துவர் இல்லாமல் செய்தவர்களின் கதை வேறு. இத்தாலியின் ரிக்கார்டோ ரிக்கோ 2011 பிப்ரவரியில் சிறுநீரகம் செயலிழந்து ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 25 நாள் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்த தன் ரத்தத்தைத் தானே ஏற்றிக்கொண்டதாக டாக்டரிடம் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. ரத்த வங்கியில் இருக்கிற குளிர் அளவும் கிருமிக் கட்டுப்பாடும் காய்கறி வைக்கிற ஃபிரிட்ஜில் இருக்காது. பிழைத்தார், 12 ஆண்டு தடை பெற்றார்.

நம் ஊர் நிலைமை ரிக்கோவுக்குத்தான் பக்கம். ஈபிஓ விலை கூடிய சமாச்சாரம். இங்கே பெரும்பாலும் புழங்குவது தசை பெருக்கும் ஸ்டீராய்டு. 2023-ல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 214-ல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது, 3.8 சதவீதம். அந்த ஆண்டு செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரிகள் வந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதிச் சுற்றுக்கு ஒரே ஒருவர்தான் வந்து ஓடினார்.

தமிழ்நாட்டுக்கு வலிக்கிற இரண்டு பெயர்கள் உண்டு. இரண்டும் திருச்சி. முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து 2019-ல் தோஹா ஆசியத் தடகளத்தில் 800 மீட்டர் தங்கம் வென்றபோது கொண்டாடாத வீடில்லை. நான்ட்ரோலோன் இருந்தது என்று பதக்கம் பறிபோனது, நான்கு ஆண்டு தடை. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று அவர் மறுத்தார். ஓட்டக்காரி தனலட்சுமி சேகருக்கு 2022-ல் மெட்டாண்டியனோனுக்காக மூன்று ஆண்டு தடை வந்தது. நான்ட்ரோலோனை ஜிம்மில் 'டெகா' என்பார்கள், மெட்டாண்டியனோனை 'டயனபால்' என்பார்கள். சர்வதேச ஓட்டக்களத்தில் பிடிபட்ட அதே சரக்கு, புஜம் பெருக்க வருகிற கல்லூரிப் பையனுக்கும் கிடைக்கிறது.

ஸ்டீராய்டைப் பொறுத்தவரை நீண்டகால விளைவு ஊகம் அல்ல. டென்மார்க்கில் ஜிம்களிலும் சோதனை செய்வார்கள். அப்படிப் பிடிபட்ட 545 ஆண்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், அதே வயதுடைய மற்ற ஆண்களைவிட மூன்று மடங்கு மரண விகிதம் இருந்தது. அமெரிக்காவில் எடை தூக்கும் ஆண்கள் 140 பேரின் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று அளந்தார்கள். ஸ்டீராய்டு தொடாதவர்களுக்குச் சராசரி 63, தொட்டவர்களுக்கு 52. நிறுத்தியவர்களுக்கு இது கொஞ்சம் தேறியிருந்தது. ஆனால் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பு வேறு கணக்கு. வாழ்நாளில் மொத்தம் எவ்வளவு போட்டார்களோ அதற்கேற்பப் படிவு கூடியிருந்தது. இருபத்திரண்டில் போட்டு இருபத்தைந்தில் விட்டவனுக்கும் அந்த மூன்று வருடம் குழாயில் எழுதப்பட்டிருக்கும்.

இந்த ஸ்டீராய்டு ஆண் ஹார்மோனின் சாயல் கொண்டது; வெளியிலிருந்து அது வந்துகொண்டே இருந்தால் விரைகள் தங்கள் உற்பத்தியை நிறுத்தி, சுருங்கிவிடும். ஊசியை விட்டதும் உடனே திரும்பாது. சிலருக்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள். இந்த இடைவெளியில்தான் மனச்சோர்வும், குழந்தையில்லையே என்ற கவலையும் வருகின்றன. கல்யாணமாகிக் கருத்தரிப்பு மையத்துக்குப் போகும் ஆண் 'ஜிம் ஊசி' பற்றி வாயே திறப்பதில்லை. மனைவிக்குச் சோதனை மேல் சோதனை நடக்கும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

பெண்களுக்குக் குரல் தடிக்கும். குரல் நாண்கள் தடித்துவிட்டால் மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் வராது. கிழக்கு ஜெர்மனி அரசே 1974 முதல் திட்டம் போட்டு, சிறுமிகள் உட்படச் சுமார் 10,000 பேருக்கு ஸ்டீராய்டு கொடுத்தது. பலரிடம் வைட்டமின் என்று சொன்னார்கள். பிற்பாடு அவர்களுக்கு ஈரலும் இதயமும் கெட்ட கதைகள் நீதிமன்றம் வரை வந்தன.

மூன்றாவது வகை, களைப்பை மறைக்கும் மருந்து. 1967 ஜூலை 13 அன்று பிரிட்டனின் சைக்கிள் வீரர் டாம் சிம்ப்சன் கொளுத்தும் வெயிலில் மோன் வான்ட்டூ மலை உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தார். வயது 29. சட்டைப்பையில் ஆம்ஃபெட்டமின் குப்பிகள் இருந்தன. களைப்பு என்பது உடம்பு 'போதும்' என்று சொல்வது. அந்தக் குரலை மருந்து அடைத்துவிட்டால், உடல் வெப்பம் ஏறுவதும் தெரியாமல் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறுகிறவருக்கு இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. சிசேரியனின்போது ரத்த அழுத்தம் விழுந்தால் போடும் மெஃபென்டெர்மின், ஆம்ஃபெட்டமினின் பங்காளி. அதை ஜிம்மில் 'ஸ்டாமினா'வுக்குப் போட்டுப் பழகி, மனநோய் வார்டு வரை போனவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் விடிகாலையில் ஓடும் பையன்களில் பலர் போலீஸ் வேலைக்கோ ராணுவத்துக்கோ தயாராகிறவர்கள். அவர்களை ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு சோதிக்கப்போவதில்லை. ரத்த அளவுகளைத் தொடர்ந்து பதிந்துவைக்கும் உயிரியல் பாஸ்போர்ட், இரவுநேரச் சோதனை எல்லாம் பதக்கம் வாங்குகிறவர்களுக்கு. இவர்களுக்கு இருப்பது விற்கிறவனின் வார்த்தை மட்டும். எடை போட என்று சில மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையும் அப்படி நம்பி வாங்குவதுதான்; இதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் தசை பெருக்கும் வகை அல்ல. முகம் உப்பும், பசி கூடும்; நீண்ட நாள் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி வேலை செய்யாமல் உயிருக்கே ஆபத்தாகும். இந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் தானாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஏற்கெனவே ஊசி போட்டுவிட்டவர்கள் செய்யக்கூடியது இருக்கிறது. அரசு மருத்துவமனையில் ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈரல், சிறுநீரகம், ஹிமடோகிரிட் பார்த்து, ஈசிஜியும் எக்கோவும் எடுத்துக்கொள்ளலாம். டாக்டர் திட்டுவாரோ என்று மறைத்தால் அவர் தேட வேண்டிய இடத்தில் தேடமாட்டார். பெயர் தெரியாவிட்டால் காலிக் குப்பியையோ அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு போனால் போதும். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை அவர் படித்துக்கொள்வார்.