குடும்பத்தோட க்ரூஸ்: ஒரு சூட்டா, ரெண்டு ரூமா?

சிங்கப்பூர்ல இருந்து க்ரூஸ் போகலாம்னு பிளான் பண்றீங்க. நீங்க, உங்க துணை, அம்மா, அப்பான்னு நாலு பேர். "ஒரே சூட் எடுத்தா எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்"னு ஏஜென்ட் சொல்வாரு. பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பாருங்க.

முதல்ல விலை எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கலாம். விளம்பரத்துல வர்ற கட்டணம் பொதுவா, ஒரு ரூம்ல ரெண்டு பேர் தங்கினா ஒரு ஆளுக்கு ஆகிற கட்டணம். அதே ரூம்ல வர்ற 3-வது, 4-வது ஆளுக்கு பெரும்பாலும் குறையும். ஆனா துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் நாலு பேருக்கும் உண்டு. சில கப்பல்கள்ல சூட்டுக்கு டிப்ஸே அதிகம்.

உதாரணத்துக்கு, ஒரு ஆளுக்கு இப்படி வச்சுக்குவோம்:

• ஜன்னல் இல்லாத இன்டீரியர்: ரூ.30,000
• பால்கனி ரூம்: ரூ.45,000
• சூட்: ரூ.80,000 (3-வது, 4-வது ஆளுக்கு ரூ.35,000)

நாலு பேரும் சூட்ல தங்கினா ரூ.2,30,000. அம்மா அப்பாவுக்கு பால்கனி, உங்களுக்கு இன்டீரியர்னு எடுத்தா ரூ.1,50,000. வித்தியாசம் ரூ.80,000. இதை 14% வட்டிக்கு 2 வருஷ பர்சனல் லோன்ல எடுத்தா, மாசம் சுமார் ரூ.3,840 கட்டணும், மொத்தம் ரூ.92,000-க்கு மேல போகும். டூர் நாலு நாள், இஎம்ஐ 24 மாசம்!

சரி, வசதி? ரெண்டு ரூம்னா ரெண்டு பாத்ரூம். காலைல நாலு பேரும் ஒரே நேரத்துல கிளம்பும்போது இதோட அருமை தெரியும். நிறைய சூட்கள்ல 3-வது, 4-வது ஆளுக்கு சோஃபாவைத்தான் படுக்கையா விரிச்சுக் கொடுப்பாங்க. முதுகுவலி இருக்கிற அப்பாவுக்கு அது சரிவருமா? இன்னொண்ணு, சூட்கள் பெரும்பாலும் மேல் தளத்துலதான் இருக்கும். அங்கே கப்பல் ஆட்டம் கூடுதலா தெரியும். வாந்தி, தலைசுத்தல் வர்றவங்களுக்கு கீழ் தளத்துல, கப்பலோட நடுப்பகுதி ரூம்தான் நல்லது.

அப்போ சூட் வேஸ்டா? இல்லை. கைக்குழந்தையோட போறவங்களுக்கு, பகல்லயும் ரூம்லயே அதிக நேரம் இருக்கப் போறவங்களுக்கு அந்த இடவசதி உதவும். ஜென்டிங் ட்ரீம் மாதிரி கப்பல்கள்ல சூட்காரங்களுக்கு பட்லர், தனி ரெஸ்டாரன்ட் எல்லாம் உண்டு. அதையெல்லாம் நீங்க நிஜமாவே பயன்படுத்துவீங்களான்னு மட்டும் யோசிங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி 3 விஷயம்:

1. எல்லா கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகையை, ரெண்டு ஆப்ஷனுக்கும் எழுத்துல வாங்குங்க.
2. ரூம் நம்பர் தராத "கேரன்டி" ஆஃபர் விலை குறைவு. ஆனா ரெண்டு ரூமும் தள்ளித் தள்ளிக் கிடைக்கலாம். பக்கத்துப் பக்கத்து ரூமா கேட்டு எடுங்க.
3. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் பிடிச்சா, வருமான வரி தாக்கல்ல அதை மறக்காம கணக்குல காட்டுங்க.

கப்பல்ல எந்த ரூம் எடுத்தாலும் கடல் ஒண்ணுதான். திரும்பி வந்து கட்டப்போற இஎம்ஐ-தான் வேற வேற!