கால் வைக்குமுன் கண் வையுங்கள்
(எமது மண்ணின் பாம்புகளை இனங்காணல்)

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்களுக்கு அவர்களது காணிகள் கட்டங்கட்டமாகவே திரும்பக் கிடைத்தன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 இல் விடுவிக்கப்பட்டபோது 27 ஆண்டுகள் கடந்திருந்தன. மனிதர் நடமாடாத வளவில் சுவர்கள் இடிந்து கற்குவியலாகின்றன. பற்றை மண்டுகிறது, பனையடியில் காவோலை குவிகிறது. இங்கே எலி குடியேறும். எலியைத் தேடிப் பாம்பு வரும். பாலைவனம் போலத் தோன்றும் வடமராட்சி கிழக்கின் மணற்காட்டு மணல்மேடுகளிலும் ஊர்வன பல வாழ்கின்றன.

ஆனால் அஞ்சி ஒதுங்கத் தேவையில்லை. இலங்கையில் சுமார் நூறு பாம்பினங்கள் உண்டு. எமது குடாநாட்டின் தரையில் நாம் முக்கியமாக அறிந்திருக்க வேண்டிய நச்சுப் பாம்புகள் நான்கே.

1. நாகம்: படம் விரித்தால் எவரும் அறிவர். படம் விரிக்காத நாகத்தைச் சாரை என எண்ணுவதே ஆபத்து. சாரைக்குப் பெரிய கண்களும் நீண்டு மெலிந்த வாலும் உண்டு. உதட்டோரம் கறுப்புக் கோடுகள் இருக்கும். அது நஞ்சற்றது.

2. கண்ணாடி விரியன்: எம்மவர் புடையன் என்றும் அழைப்பர். பருத்த உடல், முக்கோணத் தலை. முதுகில் சங்கிலி கோத்தாற்போல மூன்று வரிசையில் கரும்பழுப்பு வட்டங்கள். நெருங்கினால் உரக்கச் சீறும். வயலிலும் வைக்கோற் போரிலும் கவனம் தேவை. நஞ்சற்ற மண்ணுளிப் பாம்பு இதனைப் போன்றே தோன்றும். ஆயினும் அதன் வால் குட்டையானது. புள்ளிகள் ஒழுங்கின்றி ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஐயம் இருந்தால் புடையன் என்றே கொள்ளுங்கள்.

3. எட்டடி விரியன்: கட்டுவிரியன் என்பதும் இதுவே. பளபளக்கும் கருநிற உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. வளையங்கள் கழுத்துப் பக்கம் மங்கி, வால் பக்கம் தெளிவாக இருக்கும். நஞ்சற்ற ஒரு சிறு பாம்பும் இவ்வாறே வளையங்கள் கொண்டது. அதற்குக் கழுத்துப் பக்கமே வளையங்கள் தெளிவு.

4. சுருட்டை விரியன்: ஏறத்தாழ ஓர் அடி நீளமே. மணல் நிறம், தலையில் அம்பு போன்ற வெள்ளைக் குறி. சுருண்டு, செதில்களை உரசி ஓசை எழுப்பும். மணலில் பக்கவாட்டாக நகரும். வறண்ட மணற்பாங்கான இடங்களில் வாழ்வதால் மணல்மேடுகளில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். சிறியதென்று அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

இவற்றுள் தற்காலிகக் கொட்டில்களில் வாழும் குடும்பங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது எட்டடி விரியனே. அது இரவில் இரை தேடும். நிலத்தில் உறங்குவோரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இராது. கடிபட்டவர் விழிக்காமலே இருக்கலாம். பின்னர் வயிற்றுவலி, கண்ணிமை தொங்குதல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் ஏற்படும். அதிகாலையில் பிள்ளை வயிறு வலிக்கிறதென்று அழுது, கண்ணிமை சோர்ந்திருந்தால் ஒரு கணமும் தாமதிக்காதீர்கள். கட்டில் இல்லாவிட்டால் நுளம்பு வலையின் ஓரங்களைப் பாயின் கீழ் நன்றாகச் செருகி உறங்குங்கள். இந்தச் சிறு பழக்கம் உயிர் காக்கும்.

அரணை கடித்தால் மரணம் என்பது வெறும் பேச்சு. அரணைக்கும் ஓணானுக்கும் உடும்புக்கும் உயிர் கொல்லும் நஞ்சு கிடையாது. சாரையோ எமது நெல்லைத் தின்னும் எலியைப் பிடிப்பது. அதைக் கொல்பவர் தமது களஞ்சியக் காவலாளியையே கொல்கிறார்.

பாம்பு கடித்தால்

கடித்தது எதுவென ஆராய்ந்து நேரம் கழிக்க வேண்டாம். எமது வைத்தியசாலைகளில் வழங்கப்படும் நஞ்சுமுறிவு மருந்து மேற்கூறிய நான்கின் நஞ்சுக்கும் எதிரானது. நோயின் அறிகுறிகளைக் கொண்டே வைத்தியர் முடிவு செய்வார். தூரத்தில் நின்று கைத்தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் நல்லது. பாம்பைத் துரத்தவோ தொடவோ வேண்டாம். செத்த பாம்பின் தலையும் கடிக்கும்.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றுங்கள். கடிபட்ட கையை அல்லது காலை, முறிந்த எலும்புக்குச் செய்வது போல மட்டை வைத்து அசையாது வையுங்கள். இறுக்கிக் கட்டுதல், வெட்டுதல், உறிஞ்சுதல் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சையும் இலவசம். பார்வை பார்ப்பதிலும் கல் வைப்பதிலும் கழியும் நேரத்தில் நஞ்சு உடலெங்கும் பரவுகிறது.

பாம்புக்கடி ஏழை உழவரின் துன்பம். உலக சுகாதார நிறுவனம் 2017 இல்தான் அதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் முதன்மையாகச் சேர்த்தது. நாமும் எமது பங்கைச் செய்வோம்.

காணி துப்புரவு செய்யுமுன் அங்கு கண்ணிவெடி அகற்றப்பட்டு விட்டதென்பதை உறுதி செய்யுங்கள். பின்னர் சப்பாத்து அணிந்து, நீண்ட தடியால் தட்டி, கற்களையும் காவோலையையும் கையால் அன்றி மண்வெட்டியால் புரட்டுங்கள். இரவில் ரோச் லைற் இன்றி வெளியே இறங்காதீர்கள். விறகையும் நெல் மூட்டையையும் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். இவற்றைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். பற்றைக்குள் முதலில் ஓடுபவர்கள் அவர்களே.