சராசரிக்குள் மறைந்த மாரி

காலை எட்டரை மணி. மழைமானியின் புனலைக் கழற்றி, உள்ளே சேர்ந்த நீரைக் கோடிட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்தி வாசிக்கிறார்கள். ஒரு மில்லிமீற்றர் என்றால், ஒரு சதுர மீற்றர் நிலத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீர். அந்த ஒற்றை எண் பதிவேட்டில் ஏறுகிறது. மறுநாளும் அதே வேலை. இப்படி முப்பது வருடப் பதிவு சேர்ந்த பிறகே ஓர் ஊரின் வழமையான மழை இதுவென்று வானிலையாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

1961 முதல் 1990 வரையான பதிவின்படி திருகோணமலையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,570 மில்லிமீற்றர் மழை. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 130 சொச்சம். பள்ளிக்கூடத்தில் நாம் 'இடை' என்று படித்தது இதைத்தான். கணக்கு சரி. ஆனால் அந்த 130ஐ நம்பி ஜூனில் யாரும் விதைக்க முடியாது. ஜூனில் 30 மில்லிமீற்றர்கூடத் தேறாது; நவம்பரும் டிசம்பரும் தனித்தனியே 300ஐத் தாண்டும். பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை எட்டு மாதங்கள் இடைக்குக் கீழேயே கிடக்கின்றன. மாதங்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவைப் பார்த்தால், இடையம் 100க்கும் கீழே வருகிறது. மாரியின் இரண்டு மாதங்கள் இடையை மேலே இழுத்துவிட்டன.

இதை எண்களாகச் சொன்னால் மறந்துபோகும். வரைந்து பார்த்தால் மறக்காது. சலாகை வரைபை 1786இல் அச்சில் தந்தவர் வில்லியம் பிளேஃபெயார். ஸ்கொட்லாந்து எந்தெந்த நாட்டோடு எவ்வளவு ஏற்றுமதி இறக்குமதி செய்தது என்று காட்ட விரும்பினார். கையில் இருந்ததோ ஒரே ஆண்டின் கணக்கு. காலத்தோடு நீளும் கோடு வரைய அது போதாது. ஆகவே நாட்டுக்கு நாடு சலாகைகளை அடுக்கினார். துறைமுகக் கணக்கில் பிறந்த அந்த வரைபு, இந்தத் துறைமுக ஊரின் மழைக்கும் அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது.

வழக்கப்படி ஜனவரியில் தொடங்கினால் ஒரு பிழை நேர்கிறது: மாரி இரண்டாக வெட்டுப்படுகிறது. டிசம்பர் வலது ஓரத்தில், ஜனவரி இடது ஓரத்தில். ஒக்டோபரில் தொடங்கி வரைந்து பாருங்கள். வாடை திரும்பும் காலத்தில் எழும் சலாகைகள் ஒன்றாகச் சேர்ந்து மலைபோல் நிற்கும்; கச்சான் வீசும் மாதங்கள் அதன் அடிவாரத்தில் தாழ்ந்து கிடக்கும். அச்சைப் பூச்சியத்தில் தொடங்குவதும் முக்கியம். இல்லாவிட்டால் சின்ன வித்தியாசமும் பூதமாகத் தெரியும்.

அதே எண்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டித் திரள் வளையியாக வரைந்தால், விவசாயிக்கு வேண்டிய செய்தி கிடைக்கிறது. கோடு ஒக்டோபரில் இருந்து செங்குத்தாக ஏறுகிறது. ஜனவரி முடியும்போது ஆண்டு மழையில் மூன்றில் இரண்டு பங்கு பெய்து முடிந்துவிடுகிறது. மிச்ச எட்டு மாதத்துக்கும் மூன்றில் ஒரு பங்குதான். பெரும்போகம் மாரியோடு வருகிறது; சிறுபோகம் குளத்தை நம்பி நிற்கிறது. திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாயில் குளம் கட்டியவர்கள் இந்த வளையியை வயிற்றால் அறிந்தவர்கள்.

முப்பது வருட இடை, தனித்தனி வருடங்களின் கொந்தளிப்பையும் மறைக்கிறது. 2000 டிசம்பர் 26இல் ஒரு புயல் திருகோணமலை அருகே கரையேறியது. 2020 டிசம்பர் 2இல் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. டிசம்பர்கள் பொதுவாக இடையிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று ஒரே எண்ணில் சொல்வதுதான் நியம விலகல். அந்த விலகலுக்குக் காரணம் தேடியவர்களில் முக்கியமானவர் கில்பர்ட் வோக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை தாங்கிய கணிதவியலாளர். தொலைதூர இடங்களின் வளியமுக்கத்தையும் மழையையும் இணைத்துப் பார்க்கும் இணைபுக் கணிப்பை அவர் பெரிய அளவில் கையாண்டார். பசிபிக் கடல் வழமையைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் இலங்கையின் ஒக்டோபர் - டிசம்பர் மழை கூடுவது வழமை என்பதும் அந்த வழியில் பின்வந்தோர் கண்டது. ஆனாலும் எல்லா எல் நினோ ஆண்டும் வெள்ளம் கொண்டுவரும் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

வரைபிடம் அது அளக்காததைக் கேட்கவும் கூடாது. 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழை வரைபில் ஏப்ரல் குட்டையான சலாகை. ஆபத்து அங்கே தெரிந்திருக்காது. அணைக்கட்டின் பலத்துக்கு வேறு பதிவேடு வேண்டும்.

எனக்கு ஓர் ஆசை. நம் பிள்ளைகள் புள்ளிவிபரவியல் படிக்கும்போது, யாரோ ஒருவரின் மாம்பழக் கணக்கை விட்டுவிட்டு, திருகோணமலையின் இந்தப் பன்னிரண்டு எண்களை வரையட்டும். ஜூன் மாதச் சலாகையில் விரல் வைக்கும் பிள்ளைக்கு, வீட்டுக் கிணற்றில் கயிறு ஏன் நீள்கிறது என்று அப்போது புரியும்.