எல்லைக் கிராமங்களில் செயற்கைக்கோள் அளவீடு: ஆன்டெனாவும் கேபிளும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்ததும் கேரள மாநிலம் முடிந்து, களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இவ்வெல்லைக் கிராமங்களில் தென்னை, ரப்பர், வாழை, மரவள்ளி எனப் பயிர் பலவாக இருப்பினும், நிலம் மட்டும் சிறு சிறு துண்டுகளாகவே இருக்கிறது. இங்கு நிலத்தின் அளவை ஏக்கரில் பேசுவோர் குறைவு. சென்ட் கணக்கில் பேசுவோரே மிகுதி.

ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். பத்து சென்ட் நிலம் சதுர வடிவில் இருக்குமானால் அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 20 மீட்டர். அதன் ஒரு பக்க எல்லை ஒரு மீட்டர் விலகிப் பதிவானால் அரை சென்ட் நிலம் கணக்கில் இடம் மாறிவிடும். மூன்று மீட்டர் விலகினால் ஒன்றரை சென்ட் மாறிவிடும். கைப்பேசியில் காணும் இருப்பிடப் புள்ளி பல மீட்டர் வரை பிழைபடக்கூடியது. வழி கண்டறிய அது போதும். கரமனை–களியக்காவிளை சாலை விரிவாக்கம் போன்ற பணிகளில் சாலை விளிம்பு எங்கே முடிகிறது, வீட்டு மதில் எங்கே தொடங்குகிறது என்று அறிவதற்கு அது போதாது. அதற்குச் சென்டிமீட்டர் கணக்கிலான துல்லியம் வேண்டும்.

மாறிவரும் சூழ்நிலை

இத்தகைய துல்லியம் அண்மைக்காலம் வரை பல லட்சம் ரூபாய் விலையுள்ள கருவிகளுக்கே உரியதாக இருந்தது. மூன்று மாற்றங்கள் அந்நிலையை மாற்றியுள்ளன. முதலாவது, 2021 பிப்ரவரி 15ஆம் நாள் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நிலப்படத் தரவுகளைச் சேகரிக்க இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி பெற வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை அகற்றின. இரண்டாவது, கேரள அரசு 2022 நவம்பர் முதல் நாள் ‘என்டெ பூமி’ என்னும் எண்ணியல் மறு நில அளவைத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்காக மாநிலமெங்கும் 28 நிலையான ஆதார நிலையங்கள் திட்டமிடப்பட்டன. ‘கோர்ஸ்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்நிலையங்கள் இடையறாது செயற்கைக்கோள்களைக் கவனித்து, அவற்றின் குறிப்புகளில் உள்ள பிழையைக் கணித்துத் தரும் வகையைச் சேர்ந்தவை. மூன்றாவது, இரு அலைவரிசைகளில் இயங்கும் ரிசீவர்கள் இன்று சில பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன.

எனவே, ஓர் ஊராட்சியோ கூட்டுறவுச் சங்கமோ ஒரு ஜீப்பின் கூரையில் ஆன்டெனாவைப் பொருத்தி, கிராமச் சாலைகளையும் நெய்யாறு பாசனக் கால்வாய்க் கரைப் பாதைகளையும் மெதுவாகச் சென்று அளந்து, தனது சொத்துப் பதிவேட்டைச் செம்மைப்படுத்திக்கொள்வது இன்று இயலக்கூடிய செயலே. ஆனால், ரிசீவரின் விலை குறைந்ததனால் பிழை குறைந்துவிடவில்லை. அது ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் இடம் பெயர்ந்துள்ளது. பணத்தை எங்கே செலவிடுவது, எங்கே சிக்கனம் பிடிப்பது என்பதே திட்டமிடுவோர் அறிய வேண்டியது.

தும்பா உணர்த்தும் பாடம்

செயற்கைக்கோள் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் வானொலி அலை 19 சென்டிமீட்டர் நீளமுடையது. ரிசீவர் அந்த அலையின் ஒரு சிறு பகுதியைக்கூட அளந்துவிடும். எனினும், இடையில் எத்தனை முழு அலைகள் உள்ளன என்று எண்ணி முடித்த பின்னரே சென்டிமீட்டர் துல்லியம் கைகூடும். அந்த எண்ணிக்கையில் ஓர் அலை தவறினாலும் அளவு அதற்கேற்ப விலகும்.

இவ்வெண்ணிக்கையைக் குழப்பும் முதன்மையான காரணம் அயனி மண்டலம். பூமியின் காந்த நடுக்கோட்டிற்கு அருகில் அது மிகுந்த செறிவுடன் இருக்கும். 1963 நவம்பர் 21ஆம் நாள் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்குக் காரணம், அக்கடற்கரை காந்த நடுக்கோட்டின் அருகில் அமைந்திருந்ததே. தும்பாவுக்குச் சில பத்து கிலோமீட்டர் தெற்கே உள்ள நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அதே வானத்தின் கீழ்தான் உள்ளன. பகற்பொழுதில் அயனி மண்டலம் ஏற்படுத்தும் தாமதம், தூரக் கணக்கில் பத்து மீட்டரையும் எட்டக்கூடும். சூரியன் மறைந்த பின்னர்ச் சில மணி நேரம் அலைகள் நடுங்கி மங்குவதும் இப்பகுதியின் இயல்பு.

இத்தாமதம் அலைவெண்ணுக்கு ஏற்ப மாறுபடும். ஆகவே, இரண்டு அலைவெண்களை ஒருங்கே கேட்டால் தாமதத்தைக் கணித்து நீக்கிவிடலாம். ஆதார நிலையத்தின் திருத்தம் கிடைத்தாலும், அந்நிலையத்திற்கும் வாகனத்திற்கும் இடைப்பட்ட தொலைவு மிகும்போது எஞ்சும் வேறுபாட்டை நீக்க இரண்டாம் அலைவெண் உதவுகிறது. வேறிடங்களில் வசதியாகக் கருதப்படும் இரு அலைவரிசை ஆன்டெனா, இக்கிராமங்களில் இன்றியமையாத தேவையாகும்.

ஆன்டெனாவைத் தேர்ந்தெடுத்தல்

எல்லா வழிகாட்டிச் செயற்கைக்கோள் தொகுதிகளுக்கும் பெரும்பாலும் பொதுவான முதல் அலைவரிசை எல்-1. அதன் அலைவெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ். இரண்டாவது அலைவரிசையாக எல்-2 (1227.60) அல்லது எல்-5 (1176.45) அமையலாம். ரிசீவர் எதைக் கேட்கிறதோ அதையே ஆன்டெனாவும் வாங்க வேண்டும். எல்-2க்கு ஏற்ப அமைந்த சிறு தட்டை ஆன்டெனாவை எல்-5 ரிசீவருடன் இணைத்தால் இரண்டாம் அலைவரிசையின் பயன் பெரிதும் வீணாகும். நமது நாட்டின் நேவிக் செயற்கைக்கோள்கள் எல்-5ஐப் பயன்படுத்துகின்றன. 2023 மே 29ஆம் நாள் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 முதலாக எல்-1 அலையும் சேர்க்கப்பட்டது. ஆதலின், புதிதாக வாங்குவோர் எல்-1, எல்-5 இணையை எண்ணிப் பார்ப்பது நன்று. ஆதார நிலையம் அனுப்பும் திருத்தத்திலும் அதே அலைவரிசை உண்டா என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

ஆன்டெனாவின் அலை மையம் என்பது, அது அலையை வாங்குவதாகக் கணக்கிடப்படும் புள்ளி. மலிவான ஆன்டெனாக்களில் இப்புள்ளி செயற்கைக்கோளின் திசைக்கேற்பச் சில மில்லிமீட்டர் முதல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை நகரும். சாலை விளிம்பை அளக்க இது பொறுக்கத்தக்கது. மதிப்பு மிக்க நில எல்லையை நாட்ட இது ஏற்றதன்று.

கூரையில் அமரும் இடம்

தட்டை வடிவ ஆன்டெனாவுக்கு அடியில் உலோகத் தளம் தேவை. தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வரும் போலி அலைகளை அத்தளமே பெருமளவு தடுக்கிறது. இரும்புக் கூரையுள்ள வாகனத்தில் கூரையே தளமாகிவிடும். ரெக்சின் கூரையுள்ள ஆட்டோவிலும், படுதா போர்த்திய ஜீப்பிலும் அவ்வாறு இல்லை. அவற்றில் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள உலோகத் தட்டைச் சட்டத்தில் உறுதியாகப் பிணைத்து, அதன் நடுவில் ஆன்டெனாவை வைக்க வேண்டும். கடைகளில் மிகக் குறைந்த செலவில் வெட்டித் தரப்படும் இத்தட்டு, விலையுயர்ந்த ரிசீவருக்கு மாறுவதைவிட அதிகப் பயன் தரக்கூடும்.

சுமை ஏற்றும் கம்பிச் சட்டம், கூரை விளக்கு, வயர்லெஸ் ஆன்டெனா ஆகியவற்றிலிருந்து விலகிய இடமே ஏற்றது. வாகனத்தின் சாய்வையும் கணக்கிட வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலை மூன்று விழுக்காடு சாய்ந்திருந்தால், இரண்டு மீட்டர் உயரத்திலுள்ள ஆன்டெனா தரைப்புள்ளியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் விலகி நிற்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி வாகனம் ஐந்து பாகை சாய்ந்தால் விலகல் 17 சென்டிமீட்டராகும். சாய்வுமானி ஒன்றைச் சேர்க்காமல் சென்டிமீட்டர் துல்லியம் என்று கூறுவது தவறாக முடியும்.

கேபிளில் சிக்கனம்

செயற்கைக்கோள் அலை மிக மெலிந்தது. ஆன்டெனாவுக்குள்ளேயே அமைந்த பெருக்கி அதை ஏறத்தாழ 28 டெசிபல் அளவுக்கு வலுப்படுத்துகிறது. கேபிள் அதில் ஒரு பகுதியை விழுங்குகிறது. மூன்று டெசிபல் இழப்பு என்றால் வலிமை பாதியாயிற்று என்று பொருள். பத்து டெசிபல் இழப்பு என்றால் பத்தில் ஒரு பங்கே எஞ்சிற்று என்று பொருள்.

ஆன்டெனாவுடன் வரும் மெல்லிய ஆர்.ஜி.-174 வகைக் கேபிள் ஒரு மீட்டருக்கு ஒரு டெசிபலுக்கு மேல் இழக்கும். வாகனத்தில் தேவைப்படும் மூன்று முதல் ஐந்து மீட்டர் நீளத்தில் இழப்பு ஆறு, ஏழு டெசிபல் அளவே. முதற்பெருக்கி கேபிளுக்கு முன்னரே இருப்பதால் இதனால் தீங்கில்லை. எனவே, வாகனத்திற்கு விலையுயர்ந்த தடித்த கேபிள் வாங்குவது வீண்செலவு. அதே மெல்லிய கேபிளை இருபது மீட்டருக்கு நீட்டினால் பெருக்கியின் பயன் பெரும்பாலும் கரைந்துவிடும்.

ஊராட்சி அலுவலக மாடியில் தனியாக ஓர் ஆதார நிலையம் அமைக்க விரும்புவோர் இதைக் கருத வேண்டும். அங்கே கேபிள் டிவிக்குப் பயன்படும் ஆர்.ஜி.-6 கேபிளே போதுமானது. அது மீட்டருக்குக் கால் டெசிபலுக்குச் சற்று மேல்தான் இழக்கும். முப்பது மீட்டருக்கு எட்டு, ஒன்பது டெசிபல் ஆகும். அதன் மின்தடுப்பு 75 ஓம், ரிசீவரினது 50 ஓம் என்ற வேறுபாட்டால் ஏற்படும் இழப்பு மிகச் சிறிது. எந்தக் கிராமத்திலும் கிடைக்கும் பொருள் இவ்வகையில் பயன்படுவது குறிப்பிடத்தக்கது. கேபிளின் நீளம் இருப்பிடக் கணக்கைக் கெடுக்கும் என்று சிலர் அஞ்சுவர். எல்லாச் செயற்கைக்கோள்களின் அலைகளும் அதே கேபிள் வழியே வருவதால் அத்தாமதம் ரிசீவரின் கடிகாரக் கணக்கில் அடங்கிவிடும், இருப்பிடம் மாறாது.

உண்மையான பகை மழையும் உப்புக்காற்றும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் இப்பகுதியில், கனெக்டர் வழியே நுழையும் நீர் கேபிளுக்குள் பரவிச் செம்பைப் பச்சை பூக்கச் செய்யும். பொழியூர், பூவாறு போன்ற கடலோரங்களில் இது விரைந்து நிகழும். கனெக்டரை நீர்புகா ரப்பர் நாடாவால் சுற்றுவதும், கேபிள் உள்ளே நுழையுமுன் நீர் வடியக் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுவதும் போதுமான காப்பாகும். கேபிள் கதவிடுக்கில் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுதலும் வேண்டும்.

சோதனையும் எல்லையும்

வாங்கிய கருவியைப் பணிக்கு அனுப்புமுன், திறந்த வெளியில் எஞ்சினை நிறுத்தியும் இயக்கியும் அலை வலிமையைப் பார்க்க வேண்டும். உச்சியிலுள்ள செயற்கைக்கோள்களுக்கு அது இரு அலைவரிசைகளிலும் நாற்பது டெசிபல்-ஹெர்ட்ஸுக்குக் குறையாதிருத்தல் நலம். எஞ்சினை இயக்கியதும் வலிமை குறைந்தால் வாகனத்தின் மின் இரைச்சலே காரணம். பின்னர், சாலையில் குறித்த ஒரே புள்ளியில் வெவ்வேறு நாட்களில் வாகனத்தை நிறுத்தி, கிடைக்கும் அளவுகளை ஒப்பிட வேண்டும். அவை ஒத்துவராவிடில் எந்த விளம்பரத் துல்லியத்தையும் நம்புதல் கூடாது.

ரப்பர்த் தோட்ட நிழலில் எந்த ஆன்டெனாவும் முழுமையாக உதவாது. அங்கே பழைய முறையில் டேப்பும் டோட்டல் ஸ்டேஷனும் தேவைப்படும். மாலைக்குப் பின் அளப்பதைத் தவிர்த்துக் காலை நேரத்தைத் தேர்வதும் விவேகம். மேலும், வாகனம் அளந்து தருவது சாலை, வடிகால், கால்வாய் ஆகியவற்றின் பதிவை மட்டுமே. தனியார் நிலத்தின் எல்லையைச் சட்டப்படி வரையறுக்கும் அதிகாரம் நில அளவைத் துறைக்கே உரியது.

பொது நிதியைச் செலவிடும் அமைப்புகள் கருவியின் விலைப் பட்டியலை மட்டும் பார்த்துக் கொள்முதல் செய்வது வழக்கமாகிவிட்டது. பாறசாலை போன்ற எல்லைக் கிராமத்தில் ஒரு சிறு உலோகத் தட்டும், பொருத்தமான இரு அலைவரிசை ஆன்டெனாவும், நீர் புகாத ஒரு கனெக்டரும் அரை சென்ட் நிலத்தைப் பற்றிய வழக்கைத் தவிர்க்க உதவக்கூடும். பத்து சென்ட் மட்டுமே உடைய குடும்பத்திற்கு அந்த அரை சென்ட் சிறிதன்று.